வாசகர் கேள்விகள்: ட்ரைலோபைட் சேர்ப்பவர்களுக்கு

சென்ற இதழில் ட்ரைலோபைட் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதினேன், அதற்கு இத்தனை கேள்விகளா! புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: நண்டு, பூச்சி வகையைச் சேர்ந்த, கடலில் வாழ்ந்த கணுக்காலிகள் இவை; நாம் சேர்ப்பது கல்லாகிப்போன அவற்றின் புதைபடிவங்களை. சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அழிந்துபோயின. முதுகு நீளவாக்கில் மூன்று மடலாகப் பிரிந்திருப்பதால் இந்தப் பெயர். இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட இனங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

கே: இணையத்தில் மொராக்கோ ட்ரைலோபைட் ஒன்று வாங்கினேன். கல்லின் குறுக்கே, அதன் முதுகு வழியாகவே, ஒட்டவைத்த விரிசல் ஒன்று ஓடுகிறது. ஏமாந்துவிட்டேனா?

ப: அந்த விரிசலைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்பட வேண்டும். அங்கே டெவோனியன் காலத்து, அதாவது சுமார் 40 கோடி ஆண்டு பழைய, சுண்ணாம்புப் பாறையைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டே போவார்கள். உடைந்த முகத்தில் கருப்பாக ஒரு கோடு, அதாவது ட்ரைலோபைட்டின் குறுக்குவெட்டு, தெரிந்தால்தான் உள்ளே ஏதோ இருக்கிறது என்றே தெரியும். பிறகு இரண்டு துண்டையும் ஒட்டி, மேலிருந்து கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து எடுப்பார்கள். அதனால் உண்மையான உருப்படிகளில் ஒட்டுக்கோடு இருப்பது சகஜம், கோடே இல்லாமல் பளிச்சென்று இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

எனக்கு இது தெரிய வந்தது பட்டுத்தான். நான் முதலில் வாங்கியது முள் முள்ளாக, விரிசல் இல்லாமல், அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டு வருஷம் வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டினேன். அப்புறம் ஒருநாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அதன் கண்ணில் குண்டூசி முனை அளவுக்குக் காற்றுக்குமிழித் துளைகள்! அச்சில் ஊற்றிய பிசின். ஃபேகாப்ஸ் என்ற ட்ரைலோபைட் வகைகளுக்குக் கண்ணில் வில்லைகள் தனித்தனியாக, மணி கோத்தது போல வரிசையாக நிற்கும், வார்ப்பில் அவை குழைந்துபோய்விடும். இன்னும் சில வழிகள் உண்டு. அசிட்டோன் தொட்ட பஞ்சால் ஓர் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள், பெயிண்ட் என்றால் பஞ்சு கருக்கும். அடியில் மறைவான இடத்தில் சுட்ட ஊசியை வைத்தால் பிசின் உருகி நாறும், கல் அசையாது. புற ஊதா விளக்கில் பசையும் பிசினும் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும், ஆனால் சில தாதுக்களும் ஒளிரும் என்பதால் அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரே விற்பனையாளரிடம் அச்சு அசலாக ஒரே வளைவில் மூன்று இருந்தால் சோதனையே வேண்டாம். ட்ரைலோபைட்கள் தோன்றிய கேம்பிரியன் காலத்துப் பெரிய பாரடாக்ஸைடிஸ் வகைகளில் இன்னொரு தந்திரம்: உடல் ஒன்றுடையது, தலை வேறொன்றுடையது, நடுவில் பூச்சு.

முள்ளைச் சரிசெய்திருப்பதே குற்றம் என்று சொல்ல மாட்டேன். காற்றழுத்த ஊசியால் நுண்ணோக்கியின் கீழ் முள் முள்ளாக விடுவிக்க நூறு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம், அதில் ஒன்றிரண்டு உடையத்தான் செய்யும். சரிசெய்ததைச் சொல்லி விற்றால் சரி.

கே: என்னிடம் உள்ளதற்குக் கன்னப் பகுதி இரண்டும் இல்லை. குறைப்பொருளா?

ப: பாம்பு சட்டை உரிப்பது போல இவையும் வளர வளர ஓட்டை உரித்தன. உரிக்கும்போது தலையில் உள்ள தையல்கோடு பிரிந்து கன்னங்கள் கழன்றுவிடும். உங்களிடம் இருப்பது அப்படி உரித்துப் போட்ட ஓடாகத்தான் இருக்க வேண்டும். கிடைப்பவற்றில் பெரும்பகுதி அப்படித்தான். மரவட்டை மாதிரி சுருண்டிருப்பது கிடைத்தால், அது அனேகமாக உரித்த ஓடல்ல, பிராணியே.

கே: வினிகரில் ஊறவைத்தால் பளிச்சென்று ஆகுமாமே?

ப: ஆகும், பிறகு காணாமலும் போகும். ஓடு கால்சைட் என்ற சுண்ணாம்புத் தாது, சுண்ணாம்புப் பாறையும் கால்சைட், அமிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். மென்மையான பிரஷ் போதும். வார்னிஷ் அடிக்கவே அடிக்காதீர்கள். உதிர்கிற மாதிரி இருந்தால் மட்டும் பாரலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்துத் தடவுங்கள். பின்னாளில் தேவைப்பட்டால் அசிட்டோனாலேயே அதை எடுத்துவிடலாம்.

கே: கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன். சாம்பல் கல்லில் சாம்பல் உருவம், யாருக்கும் கண்ணுக்கே தெரிவதில்லை.

ப: விளக்கு நேர் மேலே இருக்கும், அதுதான் கோளாறு. ஒரு பக்கமாக, தாழ்வாக வையுங்கள், நிழல் விழுந்தால்தான் மடல்கள் எழும்பி நிற்கும். இடது மேல் மூலையிலிருந்து ஒளி வருவது தொல்லுயிர் ஆய்வாளர்களின் புகைப்பட வழக்கம், நம் கண்ணும் மேடு பள்ளத்தை அப்படித்தான் சரியாகப் படிக்கிறது. கீழிருந்து ஒளி விட்டால் மேடு குழியாகத் தெரிந்து குழப்பும். எல்இடி போதும், சூடாகும் பல்பு வேண்டாம். அலமாரி ஓக் மரமாகவோ புது ப்ளைவுட்டாகவோ இருந்தால் அதிலிருந்து கசியும் அமில ஆவி கால்சைட்டை மெல்ல அரிக்கும், உலோகமும் கண்ணாடியும் உத்தமம். அப்புறம், எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு தட்டில் நாற்பது வைத்தால் அது கூழாங்கல் குவியல், ஐந்து வைத்தால் நின்று பார்ப்பார்கள்.

கே: தங்க நிறத்தில் ஒன்று இருக்கிறது. அதன்மேல் வெள்ளைப் பொடி பூக்கிறது.

ப: தங்கம் அல்ல, பைரைட் என்ற இரும்பு-கந்தகத் தாது. நியூயார்க் மாநிலத்து ட்ரையார்த்ரஸ் என்ற ட்ரைலோபைட் இப்படிப் பைரைட்டாக மாறியதால்தான் கால், உணர்கொம்பு எல்லாம் தப்பின. ஆனால் ஈரக்காற்று பட்டால் பைரைட் ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலமும் இரும்பு உப்புமாகச் சிதையும், அந்தப் பொடி அதுதான். தண்ணீரில் கழுவிவிடாதீர்கள்! பொடியை உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்து, மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு, மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

கே: நானே போய்த் தோண்ட ஆசை. எங்கே முடியும்?

ப: அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் டெல்டா ஊருக்கு மேற்கே வீலர் ஷேல் என்ற, தகடு தகடாகப் பிளக்கும் களிப்பாறையில் எல்ராதியா கிங்கி என்ற ட்ரைலோபைட் கிடைக்கிறது. அடியில் கால்சைட் படிந்து தடித்திருப்பதால் தகட்டைப் பிளந்தால் பொத்தான் மாதிரி கழன்று வரும். பணம் கட்டித் தோண்டும் தனியார் குவாரி உண்டு. மத்திய அரசின் பொதுநிலத்திலும் சாதாரண முதுகெலும்பற்றவற்றைச் சொந்தச் சேகரிப்புக்காக அளவோடு எடுக்கலாம், விற்கக்கூடாது. தேசியப் பூங்காவில் தொடவே கூடாது. கனடாவின் பர்ஜஸ் ஷேல் என்ற புகழ்பெற்ற புதைபடிவத் தளத்திலும் அதே கதை, வழிகாட்டியோடு போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

கே: துளையிட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டால் பாவமா?

ப: பிரான்சின் ஆர்சி-சூர்-கூரில் ஒரு குகையில் துளையிட்ட ட்ரைலோபைட் கிடைத்திருக்கிறது, வயது சுமார் 15,000 ஆண்டு. முதல் குற்றவாளி நீங்கள் இல்லை.

கே: பழைய சேகரிப்பு ஒன்று கைக்கு வந்தது. கற்களோடு இருந்த விவரச் சீட்டுகள் அசிங்கமாக இருந்ததால் எடுத்துப் போட்டுவிட்டேன். பரவாயில்லையா?

ப: குப்பைத்தொட்டி இன்னும் காலியாகவில்லை என்றால் இப்போதே ஓடுங்கள். எந்த ஊர், எந்தப் பாறை அடுக்கு, யார் எப்போது எடுத்தது என்பது போய்விட்டால் ஆய்வாளருக்கு அது வெறும் கல். பெயர் தப்பாக இருந்தாலும் பாதகமில்லை. 1698-இல் எட்வர்ட் லூயிட் என்ற இயற்கை ஆய்வாளர் தான் வெளியிட்ட ட்ரைலோபைட் படத்தைத் தட்டைமீனின் எலும்புக்கூடு என்றே எழுதினார், படமும், வேல்ஸில் கிடைத்தது என்ற விவரமும் இருந்ததால் பின்னாளில் இனத்தையே கண்டுபிடித்துவிட்டார்கள். பெயரை யாரும் பிறகு திருத்தலாம், இடத்தைத் திருத்த முடியாது. பழைய சீட்டைக் கிழிக்காமல் உறையில் போட்டு, கல்லின் அடியில் பி-72 ஒரு பொட்டு வைத்து, உலர்ந்ததும் அதன்மேல் எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சு கொடுங்கள். அதே எண்ணை உறையிலும் நோட்டிலும் எழுதிவிடுங்கள்.