தனியாக பைக் பயணம்: எதை முதலில் வாங்குவது?

கேள்வி: என்னுடையது 125 சிசி பைக், வாங்கி நாலு வருஷம் ஆகிறது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை, ராமநாதபுரம் வழியாக தனுஷ்கோடி வரை தனியாகப் போய்வர ஆசை. கையில் 10,000 ரூபாய் இருக்கிறது. டாப் பாக்ஸ் (சீட்டுக்குப் பின்னால் மாட்டும் பெட்டி), ஃபாக் லைட், மொபைல் ஹோல்டர் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாக மாட்டித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா சார்?
- திருச்சி வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வண்டியோடு வந்த டயரே இன்னும் ஓடுகிறது என்றால் பணம் முதலில் அங்கேதான் போக வேண்டும். டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சின்ன மேடு இருக்கும், ரப்பர் அந்த மேடு அளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். தேயாமல் இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

புது டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று தனியாக இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். 1425 என்றால் 2025-ம் ஆண்டின் 14-வது வாரம் தயாரானது. "புது ஸ்டாக்தான் சார்" என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள், எண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பழையதாக இருந்தால் வேறு எடுத்து வரச் சொல்லத் தயங்கவே வேண்டாம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாட்டி உள்ளூரில் நிதானமாக ஓட்டிவிடுங்கள், புது ரப்பர் ஆரம்பத்தில் வழுக்கும்.

அப்புறம் பஞ்சர். தேவகோட்டை தாண்டி உச்சி வெயிலில் தனியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு கடை தேடுவது ரொம்பக் கொடுமை. அலாய் வீலும் டியூப்லெஸ் டயருமாக இருந்தால் ஒரு பஞ்சர் கிட்டும் சின்ன பம்பும் வாங்கி, வீட்டு வாசலிலேயே பழைய டயரில் ஒரு தடவை போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். ஸ்போக் வீல் என்றால் அனேகமாக டியூப் இருக்கும், சக்கரத்தைக் கழற்றாமல் வேலை நடக்காது, அதனால் உங்கள் டயர் அளவுக்கான டியூப் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். ஊர்க் கடையில் ஆள் இருப்பார், உங்கள் அளவு டியூப் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். ஐஎஸ் 4151 என்ற ஹெல்மெட் தர எண்ணும் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, ஐஎஸ்ஐ முத்திரை தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும்.

டாப் பாக்ஸ் விஷயத்தில் எனக்கு உடன்பாடே இல்லை. பாம்பன் சாலைப் பாலத்தில் கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, எடை குறைந்த வண்டியில் பின்னால் உயரமாகச் சுமை இருந்தால் ஆட்டம் காட்டும். சீட்டின் இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கும் பை போதும். பகலில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஃபாக் லைட்டும் வேண்டாம்.

எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். பொருளில் குறை இருந்தால் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள், கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள்.