கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குக் கார் பட்டியில் வளைவு கொடுப்பது எப்படி?

கேள்வி: பழைய ஸ்டீல் மிட்-டவர் கேபினெட் ஒன்று வைத்திருக்கிறேன். தட்டையான அதன் முகப்பை இரண்டு பக்கமும் வளைந்து இறங்குகிற மாதிரி மாற்ற ஆசை. தெர்மாகோலை வெட்டி ஒட்டி, அதன் மேல் கார் பட்டி (காரின் நெளிவுகளை நிரப்பும் பேஸ்ட்) பூசினேன். தெர்மாகோல் கரைந்து குழி விழுந்துவிட்டது. பிறகு பழைய பெயிண்டின் மேலேயே ஒரு அங்குலக் கனத்துக்குப் பட்டியை ஏற்றித் தேய்த்தேன். பார்க்க நன்றாகத்தான் வந்தது. இரண்டு வாரத்தில், பக்கக் கதவைக் கழற்றி மாட்டும்போது ஓரத்தில் விரிசல் விட்டு ஒரு துண்டு பெயர்ந்து வந்துவிட்டது. எங்கே தவறு? பட்டியை விட்டுவிட்டு வேறு வழி பார்க்க வேண்டுமா?

பதில்: பட்டியை விட வேண்டாம். வளைவான முகப்புக்கு இதைவிடச் செலவு குறைந்த, கைக்கு அடங்குகிற பொருள் கிடையாது. ஆனால் வடிவத்தைப் பட்டியாலேயே கட்ட முயன்றிருக்கிறீர்கள். வடிவத்தைச் சட்டம் தாங்க வேண்டும். பட்டி அதன் மேல் 2 அல்லது 3 மி.மீ. மட்டும் இருக்க வேண்டும். முழுதும் தேய்த்து முடித்த பிறகு எந்த இடத்திலும் 6 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது.

உங்களுக்கு நடந்தவற்றுக்குத் தனித்தனிக் காரணங்கள் உண்டு. கார் பட்டி என்பது ஸ்டைரீனில் கரைத்த பாலியஸ்டர் ரெசினும் டால்க் பவுடரும் சேர்ந்த கலவை. தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன். ஸ்டைரீன் பட்டால் அது கரையத்தான் செய்யும். நீலம், பிங்க் நிறத்தில் வரும் அடர்த்தியான இன்சுலேஷன் ஷீட்டும் பெரும்பாலும் இதே பாலிஸ்டைரீன்தான், அதையும் நம்ப வேண்டாம். பாலியூரித்தேன் ஃபோம் என்றால் கரையாது.

பெயர்ந்து வந்த துண்டின் பின்பக்கத்தைப் பாருங்கள், கேபினெட்டின் பழைய பெயிண்ட் ஒட்டியிருக்கும். பட்டி பெயிண்டைத்தான் பிடித்திருந்தது, இரும்பை அல்ல. இன்னொரு காரணம் கனம். பட்டி இறுகும்போது சூடாகும், சுருங்கும். ஒரே தடவையில் கனமாகப் போட்டால் உள்ளே சூடு தேங்கி, சுருக்கத்தின் இழுவிசை ஓரங்களில் போய்ச் சேரும். இறுகிய பட்டி வளைந்து கொடுக்காது. கேபினெட் தகடோ பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மி.மீ. தான், கதவை இழுத்தாலே நெளியும். எடையும் சும்மா இல்லை. 20 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரமுள்ள முகப்பில் ஒரு அங்குலக் கனம் என்றால் நாலு கிலோவுக்குப் பக்கம் வரும். அதே முகப்பில் 3 மி.மீ. என்றால் அரை கிலோதான். தேய்ப்பில் போவதையும் சேர்த்து ஒரு கிலோ டப்பா தாராளமாகப் போதும்.

இப்போது சட்டம். முதலில் காற்று எந்த வழியாக உள்ளே வரப்போகிறது என்று முடிவு செய்யுங்கள். வளைவின் அழகைப் பார்த்து முகப்பை மூடிவிட்டுப் பிறகு துளை போடுகிறவர்களின் கேபினெட் வெயில் காலத்தில் கொதிக்கும். 120 மி.மீ. ஃபேனுக்குத் திருகு துளைகளின் இடைவெளி 105 மி.மீ., 140 மி.மீ. ஃபேனுக்கு 124.5 மி.மீ. ஃபேனுக்கும் முகப்பின் உட்பக்கத்துக்கும் நடுவே 25 மி.மீ.யாவது காலி இடம் விடுங்கள். காற்றுக்கான வாயைப் பக்கவாட்டிலோ அடியிலோ வைப்பதாக இருந்தால், அதன் மொத்தப் பரப்பு ஃபேன்களின் வட்டப் பரப்பைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6 மி.மீ. எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையில் உங்கள் வளைவை வரைந்து, ஒரே மாதிரி விலா எலும்புகளாக வெட்டி, 5 முதல் 6 செ.மீ. இடைவெளியில் நிறுத்துங்கள். தகட்டின் உள்பக்கத்திலிருந்து திருகு போட்டு இவற்றைப் பிடிக்க வைக்கலாம். மேலே ஃப்ளீஸ் துணியை, இல்லாவிட்டால் பழைய டி-ஷர்ட் துணியைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து ஸ்டேப்ளர் அடியுங்கள். கார் ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர்கள் கையாளும் முறை இதுதான். துணி முழுக்க நனைகிற அளவுக்கு ஃபைபர் ரெசினைப் பிரஷ்ஷால் பூசி, இறுகியதும் உட்பக்கம் 300 ஜி.எஸ்.எம். ஃபைபர் மேட்டை இரண்டு அடுக்கு ஒட்டினால் கையால் அழுத்தினாலும் அசையாத ஓடு கிடைக்கும். இந்த அசையாமை வந்த பிறகுதான் பட்டி டப்பாவைத் திறக்க வேண்டும்.

ரெசின் வாங்கும்போது ஒரு முக்கியமான எச்சரிக்கை. பல கடைகளில் ரெசினோடு கோபால்ட் ஆக்ஸிலரேட்டர், எம்.இ.கே.பி. கேட்டலிஸ்ட் என அதை இறுக வைக்கும் இரண்டு பாட்டில்கள் தருவார்கள். இவை இரண்டும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும் அளவுக்கு ஆபத்து. ஆக்ஸிலரேட்டரை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே குச்சி, ஒரே மூடி வேண்டாம். பட்டியோடு வரும் ஹார்ட்னர் வேறு வகை, பென்ஸாயில் பெராக்சைடு பேஸ்ட். ஒன்றின் ஹார்ட்னரை மற்றொன்றுக்குப் போட்டால் சரியாக இறுகாது.

பட்டி போடப்போகும் இரும்பில் பெயிண்ட், பவுடர் கோட்டிங் எல்லாவற்றையும் 80 நம்பர் எமரியால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து எடுங்கள். பட்டி முடியும் எல்லையைத் தாண்டி 3 செ.மீ. வரை தேயுங்கள். பட்டி பிடிப்பது அந்தக் கீறல்களில்தான். வழவழப்பான இரும்பில் அது நிற்காது. தேய்த்த இடத்தைக் கையால் தொடாமல் தின்னர் துணியால் துடைத்து, அன்றைக்கே பட்டி போடுங்கள். ஈரப்பதமான ஊர்களில் மறுநாளே மெல்லிய துரு படிந்துவிடும். ஆசிட் கலந்த எட்ச் பிரைமர் மேல் பட்டி போடக்கூடாது, அந்த ஆசிட் பட்டியை இறுக விடாது. எப்பாக்ஸி பிரைமர் என்றால் பிரச்சினை இல்லை. எம்.டி.எஃப். பலகையின் வெட்டிய ஓரங்கள் ரெசினைக் குடித்துவிடும், அவற்றுக்கு முதலில் ஒரு கோட் ரெசின் பூசிக் காயவிட்டு, லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

கேபினெட்டின் பிளாஸ்டிக் முகப்பு பெரும்பாலும் ஏ.பி.எஸ். அதில் சாதாரணப் பட்டி நாளடைவில் விட்டுவிடும். கார் பம்பருக்கென்று வருகிற வளையும் தன்மையுள்ள பிளாஸ்டிக் பட்டியைக் கேட்டு வாங்குங்கள். அக்ரிலிக் ஜன்னலையும் இரும்பையும் பட்டியால் ஒரே பரப்பாக இணைக்க மட்டும் முயல வேண்டாம். 40 செ.மீ. நீளத்தில் 20 டிகிரி சூடு ஏறினால் அக்ரிலிக் அரை மி.மீ.க்குச் சற்று மேல் நீளும், இரும்பு 0.1 மி.மீ. தான் நீளும். தினமும் இந்த இழுபறி நடக்கும் இணைப்பு எந்தப் பட்டியாலும் தாங்காது. அங்கே ஒரு மி.மீ. இடைவெளியை வெளிப்படையாகவே விட்டு, ரப்பர் பீடிங் கொடுங்கள்.

கலப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். பெரும்பாலான பட்டிகளுக்கு எடையில் 2 சதவீதம் ஹார்ட்னர், அதாவது 50 கிராமுக்கு 1 கிராம். டப்பாவில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு இதற்குப் போதும். 35 டிகிரி வெயிலில் 1.5 சதவீதம் வரை குறைக்கலாம், ஒன்றுக்குக் கீழே போனால் நடுவில் இறுகாத, மெத்தென்ற திட்டுகள் நிற்கும். சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாகப் போடுவது இன்னும் மோசம். மிச்சமாகும் பெராக்சைடு மேலே ஏறி, வெளிர் நிற பெயிண்டில் மஞ்சள் கறையாகத் தெரியும், ஊசித் துளைகளும் கூடும்.

கண்ணாடித் துண்டிலோ தகட்டிலோ வைத்துக் கலக்குங்கள். அட்டைப் பெட்டித் துண்டு வேண்டாம், அது ஸ்டைரீனை உறிஞ்சும். பட்டித் தகட்டால் (பட்டி பூசும் தட்டைக் கருவி) மடித்து மடித்து அழுத்துங்கள். கடைந்தால் காற்று புகுந்து துளைகளாகும். நிறக்கோடு ஒன்றுகூட இல்லாமல் ஒரே நிறமாக வந்தால் கலந்துவிட்டது. அதன் பிறகு கையில் இருப்பது நாலைந்து நிமிடம், வெயில் காலத்தில் மூன்றுதான். அதனால் ஒரு தடவைக்கு 50 முதல் 100 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள்.

முதல் வீச்சை மிக மெல்லியதாக, பட்டித் தகட்டை நன்றாக அழுத்திக் கீறல்களுக்குள் திணிக்கிற மாதிரி போடுங்கள். உடனே அதே கலவையை அதன் மேல் 2 மி.மீ. அளவுக்கு ஏற்றலாம். சுமார் பத்து நிமிடத்தில் நகத்தால் கீறினால் சோப்புக் கட்டி போல வரும் ஒரு பதம் உண்டு. அந்த நேரத்தில் சர்ஃபார்ம் அரமோ பழைய ஹாக்ஸா பிளேடோ கொண்டு மேடுகளைச் சீவிவிட்டால் ஒரு மணி நேரத் தேய்ப்பு மிச்சம். அந்தப் பதம் தப்பினால் வெறும் எமரிதான் கதி. அடுத்த அடுக்கு முந்தையது இறுகி, ஒருமுறை தேய்த்த பிறகுதான்.

தேய்ப்புக்கு 80, 120, 180 என்ற வரிசை. எமரியை விரலால் பிடித்துத் தேய்த்தால் விரல் பதியும் இடமெல்லாம் பள்ளமாகி, பளபளப்பான பெயிண்ட் அடித்ததும் அலையலையாகத் தெரியும். தட்டைக்கு மரக்கட்டை, வளைவுக்குச் சைக்கிள் டியூப் சுற்றிய பி.வி.சி. பைப் துண்டு பயன்படுத்துங்கள். தண்ணீர் தெளித்துத் தேய்க்காதீர்கள். பல ஒர்க்‌ஷாப்களில் அப்படிச் செய்கிறார்கள் என்றாலும் பட்டி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அடியில் துருவும் மேலே கொப்புளமும் வர அதுவே காரணம். வாட்டர் பேப்பர் பிரைமருக்குப் பிறகுதான். பறப்பது நுண்தூள், என்95 மாஸ்க் கட்டாயம். பூசும்போது வரும் ஸ்டைரீன் ஆவியை அந்த மாஸ்க் தடுக்காது, மொட்டை மாடியிலோ திறந்த வாசலிலோ வேலை செய்யுங்கள்.

கதவு உரசி விரிசல் விட்ட அந்த ஓரத்துக்கு வருவோம். கழற்றி மாட்டும் பாகங்களுக்கு இடையே பெயிண்ட் ஏறுவதற்கும் இடம் வேண்டும். பிரைமர், நிறம், கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 0.1 முதல் 0.2 மி.மீ. வரை ஏறும். கதவின் விளிம்பில் பிரவுன் பேக்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டி மெழுகு தேயுங்கள். கதவை மாட்டிய நிலையிலேயே முகப்புக்குப் பட்டி போட்டு, இறுகியதும் கதவை இழுத்து எடுங்கள். கோடு கதவோடு ஒத்து வரும். பிறகு அந்த ஓரத்தை ஒரு மி.மீ. குறைத்து, கூர்முனை இல்லாமல் மழுங்கத் தேய்த்துவிடுங்கள். பட்டியின் கூர்விளிம்பு எப்போதும் முதலில் உடையும். கதவு தினமும் உரசும் இடமாக இருந்தால், விளிம்பைப் பட்டியில் முடிக்காமல் 10 மி.மீ. அலுமினிய ஆங்கிளில் முடிப்பது நல்லது. திருகு மரைகளில் மெழுகு தடவிய போல்ட்டை மாட்டிவிட்டுப் பட்டி போடுங்கள், மரை அடைபடாது.

கடைசியாகத் தெரியும் ஊசித் துளைகளுக்கு ஹார்ட்னர் கலக்கும் மெல்லிய ஃபினிஷிங் பட்டியே சரி. டியூபில் வரும் என்.சி. பட்டி தின்னர் ஆவியாகித்தான் காய்கிறது, பெயிண்ட் அடித்த பிறகும் அமுங்கிக்கொண்டே போகும். சுவர்ப் பட்டி இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. 320 வரை தேய்த்து, பிரைமர் சர்ஃபேசர் இரண்டு மூன்று கோட் அடித்து, அதன் மேல் கறுப்பு ஸ்ப்ரேயை மூடுபனியாகத் தூவுங்கள். 600 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்க்கும்போது எங்கே கறுப்பு அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம், எங்கே சீக்கிரம் பிரைமர் விலகிப் பட்டி எட்டிப் பார்க்கிறதோ அங்கே மேடு. ஒரு நாள் முழுதாக ஆறவிட்டே நிறம் அடியுங்கள். வீட்டில் ஸ்ப்ரே கேன் அக்ரிலிக் போதும். ஹார்ட்னர் சேர்க்கும் டூ-கே பெயிண்டில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் உண்டு, அதைத் தகுந்த மூச்சுக் கருவி உள்ள பெயிண்ட் பூத்துக்காரரிடமே விடுங்கள்.

இந்த வேலை முழுதும் மதர்போர்டு, பவர் சப்ளை, ஃபேன் எதுவும் இல்லாத வெறும் கூட்டில் நடக்க வேண்டும். இரும்பைத் தேய்த்த தூள் மின்சாரத்தைக் கடத்தும், மடிப்புகளுக்குள் ஒளிந்திருந்து பிறகு மதர்போர்டில் விழும். ப்ளோயரால் ஊதி, ஈரத்துணியால் துடைத்து, காந்தம் ஒன்றை மூலைகளில் ஓட்டி எடுங்கள். பெயிண்டும் பட்டியும் மின்காப்புப் பொருள்கள். பவர் சப்ளையின் நான்கு திருகுகள் பதியும் இடம், மதர்போர்டைத் தாங்கும் ஸ்டாண்டாஃப்கள் (குட்டித் தூண்கள்) நிற்கும் இடம் இரண்டையும் தொடக்கத்திலேயே மாஸ்கிங் டேப் ஒட்டி, வெறும் இரும்பாகவே விட்டுவிடுங்கள். கேபினெட்டுக்கு எர்த் கிடைப்பது அந்தத் தொடர்பில்தான். மாட்டி முடித்ததும், பவர் கார்டைச் சுவரில் செருகாமல், மல்டிமீட்டரை கன்டின்யூட்டியில் வைத்து, பிளக்கின் எர்த் பின்னுக்கும் கேபினெட்டின் வெறும் இரும்புக்கும் இடையே பீப் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள்.