ஸ்காலர்ஷிப் சீட்டுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார், இப்போது மீன்பிடித் தடைக்காலம். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டாள், இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படுகிறாள். வெளியூர் தனியார் கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் ஒருவர், "அரசு ஸ்காலர்ஷிப்பிலேயே நாலு வருடமும் முடித்துவிடலாம், இப்போதைக்கு 15,000 ரூபாய் மட்டும் கட்டுங்கள்" என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அவர் சொல்லும் உதவிகள் இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றில் பெரிய தொகைகள், அவர் காட்டும் வழியில் சேர்ந்தால் வராது.

இன்ஜினியரிங்கைப் பொறுத்தவரை, சீட் எந்த வழியாக வந்தது என்று பார்த்துத்தான் அரசுப் பணம் வருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, 2021-ல் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டிவிடும், தனியார் கல்லூரியாக இருந்தாலும். அதே கல்லூரியில், கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாகக் கொடுக்கும் நிர்வாக ஒதுக்கீட்டில் போய் உட்கார்ந்தால் இது கிடையாது. 7.5-ல் இடம் வராவிட்டாலும், வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. அதுவும் கலந்தாய்வில் வந்தவர்களுக்கே. ஆள் பிடிப்பவர்கள் இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்!

நம் பக்கத்தில் பலர் தடுக்கி விழுவது பள்ளிக் கணக்கில்தான். அரசுப் பள்ளியும் அரசு உதவிபெறும் பள்ளியும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். உதவிபெறும் பள்ளியில் படித்தால் 7.5 கிடையாது. ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தில், உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களையும் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். இன்னொரு விலக்கும் இருக்கிறது: கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு இந்த இரண்டிலும் தகுதி உண்டு. எனவே ஆறாவது முதல் எந்த வருடம் எந்தப் பள்ளி என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். இடையில் ஒரு வருடம் மெட்ரிக் பள்ளியில் கட்டணம் கட்டிப் படித்திருந்தாலும் கணக்கு மாறிவிடும்.

மற்ற உதவித்தொகைகள் வாங்கினாலும் புதுமைப் பெண் பணமும் வரும். கல்லூரியில் சேர்ந்த பிறகு அங்கேயே விண்ணப்பிக்கலாம். தொலைதூரக் கல்விக்கு இல்லை. மகன் இருந்தால் அவனுக்கு இதேபோல் தமிழ்ப் புதல்வன் திட்டம், 2024 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. இவை தவிர, பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர் ஆகியோருக்குத் தனித்தனி உதவித்தொகை இருக்கிறது. பொதுவாக ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் மீனவர் நல வாரியத்தில் உறுப்பினர் என்றால், பிள்ளைகளின் படிப்புக்கு அங்கேயும் உதவி கேட்கலாம். மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கலந்தாய்வில் ராமநாதபுரம் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியையும் விருப்பப் பட்டியலில் வையுங்கள். ஒருவேளை மனம் மாறி பி.எஸ்சி. என்றால், ராமேஸ்வரத்திலேயே அப்துல் கலாம் பெயரில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரியில் இளநிலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, தேர்வுக் கட்டணம் போன்ற சில்லறைகள்தான். இன்ஜினியரிங் கிடைக்கும்வரை அதற்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைப்பதில் தப்பில்லை.

சரி, பணம் எப்போது வரும்? சேர்ந்த அன்றே வராது. உதவித்தொகை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். தடைக்காலத்தில் கையில் காசு இல்லாத வீட்டில் இது பெரிய விஷயம். பேருந்து, புத்தகம், துணிமணிக்கு மட்டும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், முன்பணமாகக் கேட்ட அந்த 15,000-ஐ மட்டும் கொடுக்க வேண்டாம்.

மகளின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்து, அது ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். பள்ளியில் தொடங்கிய பழைய கணக்கு முடங்கிக் கிடக்கலாம். வங்கிக்கு நேரில் போய்ப் பாருங்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். அப்புறம், மகளின் ஆதாரில் இருப்பது வீட்டுக்காரரின் கைபேசி எண் என்றால், அவர் நடுக்கடலில் இருக்கும்போது வரும் ஓடிபி யாருக்கும் உதவாது. தடைக்காலம் ஜூன் 14-ல் முடிகிறது. அதற்குள் மகளின் எண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.