மனிதக் கண்ணால் கடவுளைக் காண முடியுமா? மோர்மன் நம்பிக்கையின் விடை

கடவுளைக் கண்டவர் உயிரோடிருக்க முடியாது என்று பைபிளின் யாத்திராகமம் 33:20 சொல்கிறதே, பிறகு மோர்மன் சமயத்தின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் 1820இல் எப்படி அவரைக் கண்டார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

காண முடியும் என்பதே மோர்மன் நம்பிக்கை. ஆனால் வெறும் ஊனக்கண்ணால் அல்ல. மோர்மன்களின் வேதநூல்களில் ஒன்றான மோசே நூலின் முதல் அதிகாரத்தில் மோசேயே இதை விளக்குகிறார்: இயல்பான கண்ணால் பார்த்திருந்தால் வாடி மடிந்திருப்பேன், கடவுளின் மகிமை என்மேல் தங்கி என்னை உருமாற்றியதால், ஆவிக்குரிய கண்களால் கண்டேன். அந்த மகிமை விலகியதும் அவர் தரையில் விழுகிறார். பழைய வலிமை திரும்பப் பல மணி நேரம் ஆகிறது. இந்தச் சிறு விவரத்தில்தான் முழு விடையும் இருப்பதாக நினைக்கிறேன்: அந்த மாற்றம் தற்காலிகமானது, மோசேக்குச் சொந்தமானதும் அல்ல.

பிதாவாகிய கடவுளுக்குச் சதையும் எலும்பும் கொண்ட உடல் உண்டு என்று இவர்கள் நம்புகிறார்கள். ஆகவே, அவர்களைப் பொறுத்தவரை 'காண்பது' உருவகம் அல்ல.