டிராப், ஸ்கீட் துப்பாக்கியில் டிரிகர் எவ்வளவு லேசாக இருக்கலாம்?

டிராப், ஸ்கீட் இரண்டும் காற்றில் எறியப்படும் தட்டுகளை ஷாட்கன்னால் சுடும் போட்டிகள். டிரிகர் லேசாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். ரைஃபிளுக்குச் சரி, ஷாட்கன்னுக்கு அப்படியில்லை. 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம் இழுவை, அதாவது டிரிகரை இழுக்கத் தேவையான விசை, வேண்டும் என்று விதியே உண்டு. ஷாட்கன்னுக்கு அப்படி வரம்பு இல்லை. ஆனாலும் பெரும்பாலோர் மூன்றிலிருந்து நான்கு பவுண்டுக்குள், அதாவது சுமார் 1.4 முதல் 1.8 கிலோவில்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

காரணம், இங்கே யாரும் நிதானமாக விரலை அழுத்துவதில்லை. 105 கிராம் இலக்குத் தட்டு பறக்கிறது, துப்பாக்கி அதன் பின்னே ஓடுகிறது, விரல் ஒரு தட்டு தட்டுகிறது. ரொம்ப லேசான டிரிகர் என்றால் குறி இலக்கை எட்டும் முன்பே வெடித்துவிடும். இன்னொரு தொல்லை, இரட்டைக் குழல் துப்பாக்கியில் முதல் குண்டின் உதைப்பிலேயே இரண்டாவது குழலும் சேர்ந்து வெடிப்பது.

என்னைக் கேட்டால் எடையைவிட இழுவையின் சுத்தம் முக்கியம். இழுக்கும்போது மணலில் உரசுவதுபோல் நறநறக்கும் மூன்று பவுண்டைவிட, கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் சட்டென விடும் நான்கு பவுண்டு மேல்.

அமெரிக்க டிராப்பில் சிலர் விரலை எடுத்தால் வெடிக்கும் ரிலீஸ் டிரிகர் வைத்திருப்பார்கள், சுடும் நேரத்தில் உடல் வெட்டுகிற பழக்கத்துக்கு மருந்தாக. ஒலிம்பிக் விதிகளில் அதற்கு இடமில்லை. அப்புறம், டிரிகரை வீட்டில் அரத்தால் ராவிப் பார்க்காதீர்கள்; துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.