காளை வரைந்தால் ஊர் வந்துவிடுமா?

கேள்வி: நான் பிறந்தது சிங்காநல்லூரில் ஒரு மில் லைன் வீட்டில். இப்போது காளப்பட்டியில் சைட் வாங்கி வீடு கட்டியிருக்கிறேன். ஓய்வு நேரத்தில் ஓவியம் வரைவேன். ‘வீடும் ஊரும்’ என்று கண்காட்சி வைக்க எண்ணி, கொறங்காட்டு மேய்ச்சல் நிலம், காங்கயம் காளை, தொட்டிக்கட்டு வீடு எனப் பன்னிரண்டு படங்கள் வரைந்து, உங்கள் பார்வைக்கும் அனுப்பியிருக்கிறேன். மகளோ, “நம் தெருவை வரையுங்கள் அப்பா” என்கிறாள். வரிசையாக நிற்கும் கான்கிரீட் பெட்டிகளில் வரைய என்ன இருக்கிறது?
— வாசகர், காளப்பட்டி

பதில்: படங்களைப் பார்த்தேன். காளையின் திமிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலடியில்தான் வம்பு. கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் முளைக்கும். நீங்கள் கிரிக்கெட் மைதானத்தை விரித்திருக்கிறீர்கள். சுற்றிலும் கிளுவை வேலி இருக்க வேண்டிய இடத்தில் மூங்கில் படல் நிற்கிறது. காலண்டரைப் பார்த்து வரைந்தது என்று காங்கயத்துக்காரர் எட்ட நின்றே சொல்லிவிடுவார். அது உங்கள் ஊர் இல்லை, சுவாமி. வாடகைக்கு எடுத்த ஊர்.

1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகியபோது, சிங்காநல்லூரும் பீளமேடும் கோவையின் புறநகராயின. நீங்கள் பிறந்த லைன் வீடும் யாரோ ஒருவருடைய காட்டின் மேல் எழுந்ததுதான். பன்னிரண்டு படங்களில் அதற்கு ஒன்றுகூட இல்லையே, ஏன்? காளப்பட்டி மாநகராட்சியோடு சேர்ந்ததே 2011இல். அந்த மாற்றத்தின் நடுவில் குடியிருந்துகொண்டு, வரைய ஒன்றுமில்லை என்கிறீர்கள்.

பிரான்சில் போர் மூண்டு லண்டனுக்குத் தப்பி வந்த ஓவியர் பிசாரோ, 1871இல் அந்நகரின் புறநகர் ரயில் நிலையம் ஒன்றை வரைந்தார். நடுவில் தண்டவாளம், வந்துகொண்டிருக்கும் ரயில், தள்ளிப் புதிதாக எழுந்த வீடுகள். புல்சரிவில் முதலில் ஓர் ஆளையும் வரைந்து, பிறகு வண்ணம் பூசி மறைத்துவிட்டார் என்பது பின்னாளைய ஆய்வில் தெரியவந்தது. உங்கள் காளையையும் அப்படி மறைத்துவிடலாம். நம் நாட்டிலேயே ஓவியர் சுதீர் பட்வர்தன் இருக்கிறார். புனேயில் பிறந்தவர், மும்பையை ஒட்டிய தானேயில் முப்பது ஆண்டுகள் கதிரியக்க மருத்துவராக இருந்துகொண்டே அந்த ஊரின் தெருக்களையும் கட்டடங்களையும் வரைந்தார்.

மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, சப்பைத் தண்ணீருக்கு ஒரு தொட்டி. அடுத்த மாடி எடுக்கலாம் என்று தூணில் விட்டுவைத்த கம்பிகள் துருப்பிடித்து நிற்கும். அந்தக் கம்பியில் துணி காயும். மகனுக்குக் கல்யாணமானால் கட்டலாம் என்று விட்டது. மகன் பெங்களூரில் ஃபிளாட் வாங்கியிருப்பான். (என் வீட்டுக் கம்பிக்கு வயது பதினெட்டு.) கீழே விலை போகாத சைட்டில் எல்லைக்கல்லுக்கு வெள்ளையடித்திருப்பார்கள், அதிலேயே ஆட்டைக் கட்டிவிட்டு ஓர் அம்மணி உட்கார்ந்திருப்பார். அந்த நிலம் முன்பு யாருடையது என்று அவரிடம் கேட்டுவிட்டுத் தூரிகையை எடுங்கள். படம் மாறும்.

ஒரு வேண்டுகோள். புறநகர் என்றதும் சாம்பல் நிறத்தைக் குழைத்துச் சோகம் காட்டாதீர்கள். உங்கள் தெருவில் கிளிப்பச்சை வீட்டுக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ நிற வீடு இருக்கும். அதை அப்படியே வரையத் தைரியம் வேண்டும்.

படங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கண்காட்சியைத் தள்ளிப்போடுங்கள். விமான நிலையம் பக்கத்தில்தானே. கொடியில் காயும் போர்வைக்கு மேலே விமானம் தாழப் பறக்கும் படம் ஒன்று வந்தால், முதலில் மகளிடம் காட்டுங்கள். பிறகு எனக்கு.