கடல் வெப்ப அலை என்றால் என்ன? மன்னார் வளைகுடாப் பவளங்கள் ஏன் வெளுக்கின்றன?

கடல்நீர் அந்தப் பருவத்துக்குரிய வழக்கமான சூட்டை வெகுவாகத் தாண்டி, குறைந்தது 5 நாள் அப்படியே நீடித்தால் அது கடல் வெப்ப அலை. காற்று ஓய்ந்து வெயில் காய்ந்தால் மேல்நீரும் அடிநீரும் கலக்காது. சூடு மேலேயே தங்கிவிடும். மண்டபம், கீழக்கரைத் தீவுகளை ஒட்டிய பவளங்கள் ஆழமில்லாத நீரில் இருப்பதால் தப்ப வழியில்லை.

பவளம் ஓர் உயிரி. அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசி, வீட்டோடு தங்கிச் சமைத்துப்போடும் ஆள் மாதிரி. நிறமும் பெரும்பாலும் அதனுடையதுதான். நீர் சூடேறினால் பாசி தீங்கான பொருள்களை உண்டாக்கும், பவளம் அந்தப் பாசியையே வெளியேற்றிவிடும். அப்புறம் பட்டினிதான், உள்ளேயிருக்கும் சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரியும். 2010, 2016 கோடைகளில் இங்கே பெருமளவில் இது நடந்தது. கிளைவிடும் பவளங்கள் சீக்கிரம் சாகும், உருண்டையாக வளர்பவை கொஞ்சம் தாங்கும்.

வெளுத்தாலே செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பவும் பெருகி, பவளம் பிழைத்துக்கொள்ளலாம்.